ரோஜர் ஆக்ராய்டின் கொலை (புதினம்)

ரோஜர் ஆக்ராய்டின் கொலை (த மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்) என்பது ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி எழுதி, 1926 ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான துப்பறியும் புதினம் ஆகும். பெல்ஜியத்தைச் சேர்ந்த துப்பறிவாளரான எர்க்யூல் புவாரோ முதன்மைப் பாத்திரமாக வரும் மூன்றாவது புதினம் இது. இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் செல்வந்தர் ஒருவர் தம் படிப்பறையில் குத்திக் கொல்லப்படுவதும், குற்றவாளி கண்டறியப்படுவதுமே இதன் கதை.

முதல் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடைப்பட்ட காலம் துப்பறியும் புனைவின் பொற்காலம் என அழைக்கப்படுகிறது. அக்காலத்தில் வெளிவந்த நூல்களுள் இதுவே மிக அதிகமான விவாதத்துக்கு உள்ளானது எனலாம். கதையின் முடிவு வாசகரை ஏமாற்றுகிறதா, அல்லது வாசகர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறாரா என்பதே அவ்விவாதத்தின் மையம். 2013 ஆம் ஆண்டில் பிரித்தானியக் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் வாக்களித்து, இதனை இதுவரை எழுதப்பட்ட குற்றப்புனைவுகளில் மிகச் சிறந்ததாகத் தேர்ந்தெடுத்தனர்.

நூல் விவரம்

நூலாசிரியர்: அகதா கிறிஸ்டி
நாடு: ஐக்கிய இராச்சியம்
மொழி: ஆங்கிலம்
வகை: துப்பறியும் புதினம்
பதிப்பகம்: வில்லியம் காலின்ஸ் சன்ஸ் (ஐக்கிய இராச்சியம்), டாட் மீட் (ஐக்கிய அமெரிக்கா)
வெளியான ஆண்டு: 1926
அத்தியாயங்கள்: 27

எழுதப்பட்ட பின்னணி

அகதா கிறிஸ்டி (1890–1976) முதல் உலகப் போரின்போது தம் சொந்த ஊரான டார்க்கீயில் மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் பணிபுரிந்தார். மருந்துகளையும் நஞ்சுகளையும் பற்றி அங்கு பெற்ற அறிவு அவருடைய கதைகள் பலவற்றுக்கு அடிப்படையாயிற்று. புவாரோ அறிமுகமான அவருடைய முதல் புதினம் 1920 இல் வெளிவந்தது. அதில் புவாரோவின் நண்பர் கேப்டன் ஹேஸ்டிங்ஸ் கதையைச் சொல்கிறார். ஆர்தர் கானன் டாயிலின் கதைகளில் ஷெர்லாக் ஹோம்ஸின் வழக்குகளை மருத்துவர் வாட்சன் எடுத்துரைப்பதைப் போன்ற அமைப்பு இது. 1923 இல் வெளிவந்த இரண்டாவது புவாரோ புதினத்தின் முடிவில் ஹேஸ்டிங்ஸ் அர்ஜென்டினாவுக்குச் சென்றுவிடுகிறார். ஆகவே மூன்றாவது புதினத்துக்கு வேறொரு கதைசொல்லி தேவைப்பட்டார்.

இந்நூலின் மையக் கருத்துக்கான தூண்டுதல் இருவரிடமிருந்து கிடைத்ததாகக் கிறிஸ்டி தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். ஒருவர் அவருடைய அக்காள் கணவர் ஜேம்ஸ் வாட்ஸ். மற்றவர், பின்னாளில் இந்தியாவின் கடைசி வைசிராயாகப் பணியாற்றிய லூயி மவுண்ட்பேட்டன். மவுண்ட்பேட்டன் 1924 இல் கிறிஸ்டிக்கு எழுதிய மடல் ஒன்றில் இதனையொத்த கதைத் திட்டத்தை விவரித்திருந்தார். நூல் கிறிஸ்டியின் அக்காளுக்குக் காணிக்கையாக்கப்பட்டுள்ளது.

1925 ஜூலை முதல் செப்டம்பர் வரை இலண்டனின் ஈவினிங் நியூஸ் நாளிதழில் வேறொரு தலைப்பில் இக்கதை தொடராக வந்தது. அடுத்த ஆண்டு நூலாக வெளிவந்தது. முதல் நூல்களை வெளியிட்ட பாட்லி ஹெட் பதிப்பகத்தை விட்டு விலகிய பின், காலின்ஸ் பதிப்பகத்துக்காகக் கிறிஸ்டி அளித்த முதல் நூல் இதுவே.

நூல் வெளியான அதே ஆண்டு டிசம்பர் 3 ஆம் நாள் கிறிஸ்டி வீட்டை விட்டு வெளியேறிக் காணாமல் போனார். 11 நாட்களுக்குப் பின் ஹாரகேட் நகரின் விடுதி ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டார். இந்நிகழ்வு பிரித்தானிய நாளேடுகளில் பெருஞ்செய்தியாகி, அவருடைய பெயரை நாடெங்கும் பரப்பியது.

கதை நிகழும் காலச் சூழல்

நூல் எழுதப்பட்ட காலத்து வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாத பல செய்திகள் இன்றைய வாசகர்களுக்குப் புதியவை. அவற்றை அறிந்திருப்பது கதையைப் புரிந்துகொள்ள உதவும்.

வெரோனால்: 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த தூக்க மருந்து. பார்பிட்டால் என்னும் வேதிப்பொருளின் வணிகப் பெயர் இது. அளவு மிகுந்தால் உயிரைப் பறிக்கும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைப்பட்ட அளவு குறுகியது என்பதால், வெரோனால் இறப்பு தவறுதலா தற்கொலையா என்று முடிவு செய்வது அன்று கடினமாக இருந்தது.

டிக்டாஃபோன்: பேசுவதை மெழுகு உருளையில் பதிந்து, பின்னர் ஒலிக்கச் செய்யும் அலுவலகக் கருவி. கடிதங்களைச் சொல்லிப் பதிந்து வைத்தால், தட்டச்சர் பின்னர் கேட்டுத் தட்டச்சு செய்வார்.

மாலை அஞ்சல்: அக்கால இங்கிலாந்தில் ஒரே நாளில் பலமுறை கடிதங்கள் வழங்கப்பட்டன. இரவு உணவுக்குப் பிறகும் ஒரு கடிதம் வந்து சேரக்கூடும்.

வீட்டுப் பணியாளர்: பெரிய வீடுகளில் தலைமைப் பணியாள், வீட்டு மேலாளர், பணிப்பெண்கள் எனப் பலர் தங்கி வேலை செய்தனர். பணிப்பெண் ஒருத்தி மணமானவள் எனத் தெரிந்தால் பெரும்பாலும் வேலையில் நீடிக்க இயலாது. வீட்டு இளைஞர் ஒருவர் பணிப்பெண்ணை மணப்பது பெரும் அவமானமாகக் கருதப்பட்டது.

மரண தண்டனை: அக்காலத்தில் கொலைக் குற்றம் உறுதியானால் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. கிரேட் பிரிட்டனில் கொலைக்கான மரண தண்டனை 1965 இல் இடைநிறுத்தப்பட்டு 1969 இல் நிலையாக ஒழிக்கப்பட்டது. ஆகவே இக்கதையில் தவறான ஒருவர் மீது ஐயம் விழுவது அவருடைய உயிரைப் பற்றிய செய்தியாகும்.

முக்கிய கதைமாந்தர்

எர்க்யூல் புவாரோ – ஓய்வு பெற்றுச் சிற்றூரில் பூசணி வகைக் காய்கறி பயிரிட்டு வாழும் துப்பறிவாளர்.
மருத்துவர் ஜேம்ஸ் ஷெப்பர்ட் – ஊர் மருத்துவர், கதைசொல்லி, புவாரோவின் அடுத்த வீட்டுக்காரர்.
கரோலைன் ஷெப்பர்ட் – மருத்துவரின் மணமாகாத அக்காள். வீட்டை விட்டு அகலாமலேயே ஊர்ச் செய்திகள் அனைத்தையும் அறிந்து வைத்திருப்பவர்.
ரோஜர் ஆக்ராய்ட் – ஃபெர்ன்லி பார்க் மாளிகையின் உரிமையாளர், செல்வந்தர்.
திருமதி ஃபெரார்ஸ் – செல்வமிக்க கைம்பெண். ஆக்ராய்டை மணக்கவிருந்தவர்.
ரால்ஃப் பேட்டன் – ஆக்ராய்டின் மறைந்த மனைவிக்கு முன்னைய மணத்தில் பிறந்த மகன்.
ஃப்ளோரா ஆக்ராய்ட் – ஆக்ராய்டின் தம்பி மகள். தன் தாயுடன் மாளிகையில் வாழ்பவர்.
ஜெஃப்ரி ரேமண்ட் – ஆக்ராய்டின் செயலாளர்.
மேஜர் ஹெக்டர் பிளண்ட் – ஆக்ராய்டின் நண்பர், வேட்டைக்காரர்.
பார்க்கர் – மாளிகையின் தலைமைப் பணியாள்.
எலிசபெத் ரசல் – வீட்டு மேலாளர்.
உர்சுலா போர்ன் – பணிப்பெண்.
ஆய்வாளர் ராக்லன் – வழக்கை விசாரிக்கும் காவல்துறை அதிகாரி.

கதைச்சுருக்கம்

கிங்ஸ் அபட் என்னும் கற்பனைச் சிற்றூரில் திருமதி ஃபெரார்ஸ் வெரோனால் மிகுதியாக உட்கொண்டு இறந்துவிடுவதுடன் கதை தொடங்குகிறது. ஓராண்டுக்கு முன் இறந்த அவருடைய குடிகாரக் கணவரை அவரே நஞ்சிட்டுக் கொன்றார் என்றும், மனச்சான்று உறுத்தித் தற்கொலை செய்துகொண்டார் என்றும் கரோலைன் உறுதியாக நம்புகிறார். மருத்துவர் ஷெப்பர்ட் அதனை மறுத்துப் பேசுகிறார்.

அன்று மாலை ஷெப்பர்டை இரவு உணவுக்கு அழைக்கும் ஆக்ராய்ட், உணவுக்குப் பின் தம் படிப்பறையில் அவரிடம் மனம் திறக்கிறார். கணவரைக் கொன்றதைத் திருமதி ஃபெரார்ஸ் தம்மிடம் ஒப்புக்கொண்டார் என்றும், அந்த மறைபொருளை அறிந்த ஒருவர் அவரை ஓராண்டாக மிரட்டிப் பணம் பறித்து வந்தார் என்றும் கூறுகிறார். மிரட்டியவரின் பெயரை மட்டும் அவர் சொல்லவில்லை. அவ்வேளையில் மாலை அஞ்சலில் திருமதி ஃபெரார்ஸ் இறப்பதற்கு முன் எழுதிய கடிதம் வந்து சேர்கிறது. அதில் அப்பெயர் இருக்கிறது. ஆக்ராய்ட் கடிதத்தைத் தனிமையில் படிக்க விரும்புகிறார். ஷெப்பர்ட் விடைபெற்று வெளியேறுகிறார்.

இரவு 10.15 மணியளவில் ஷெப்பர்டின் வீட்டில் தொலைபேசி ஒலிக்கிறது. ஆக்ராய்ட் கொல்லப்பட்டதாகப் பார்க்கர் சொன்னார் என்று கூறிவிட்டு அவர் மாளிகைக்கு விரைகிறார். தாம் தொலைபேசியில் பேசவே இல்லை என்கிறார் பார்க்கர். உள்ளே தாழிடப்பட்டிருந்த படிப்பறைக் கதவை உடைத்துத் திறந்தபோது, ஆக்ராய்ட் நாற்காலியில் அமர்ந்தவாறே துனீசியக் குத்துவாளால் குத்தப்பட்டு இறந்து கிடக்கிறார். கடிதத்தைக் காணவில்லை. சாளரத்தின் விளிம்பில் ரால்ஃப் பேட்டனின் காலணித் தடங்கள் காணப்படுகின்றன. ரால்ஃபோ தலைமறைவாகிவிட்டார். கடன் தொல்லையில் இருந்த அவருக்கு ஆக்ராய்டின் சொத்து வரவிருந்ததால், காவல்துறையின் ஐயம் முழுவதும் அவர் மீது விழுகிறது.

ரால்ஃபுக்கு மணம் பேசப்பட்டிருந்த ஃப்ளோரா, அவர் குற்றமற்றவர் என நிறுவுமாறு புவாரோவை வேண்டுகிறார். புவாரோவை நாட வேண்டாம் என ஷெப்பர்ட் தடுத்துப் பார்க்கிறார். ஆயினும் புவாரோ வழக்கை ஏற்று, ஷெப்பர்டையே தம் உதவியாளராக வைத்துக்கொள்கிறார்.

மாளிகையில் இருந்த ஒவ்வொருவரும் எதையோ மறைக்கிறார்கள் என்பதைப் புவாரோ உணர்கிறார். ஒவ்வொரு மறைப்பும் தனித்தனியாக வெளிப்படுகிறது. ஃப்ளோரா ஆக்ராய்டின் படுக்கையறையிலிருந்து 40 பவுண்டு திருடியவர். 9.45 மணிக்கு அவரை உயிருடன் கண்டதாகச் சொன்னது அத்திருட்டை மறைப்பதற்கான பொய். பார்க்கர் முன்னைய முதலாளி ஒருவரை மிரட்டிப் பணம் பறித்தவர். எலிசபெத் ரசலுக்கு மணத்துக்குப் புறம்பாகப் பிறந்த, போதைப் பழக்கமுள்ள ஒரு மகன் உண்டு. பணிப்பெண் உர்சுலா போர்ன், ரால்ஃபின் மறைமுக மனைவி. இவர்களின் மறைபொருள்களில் பெரும்பாலானவை பணமுடையோடும் சமூக மதிப்போடும் தொடர்புடையவை. வீட்டுச் செலவுக்குப் பணம் தருவதில் ஆக்ராய்ட் காட்டிய கருமித்தனம் அவற்றுக்கெல்லாம் பின்புலமாக அமைகிறது.

இறுதியில் புவாரோ அனைவரையும் தம் வீட்டில் கூட்டுகிறார். கொலையாளி யாரென்று தமக்குத் தெரியும் என்றும், மறுநாள் காலையில் ஆய்வாளர் ராக்லனிடம் அதைத் தெரிவிக்கப்போவதாகவும் அறிவிக்கிறார்.

எச்சரிக்கை: கட்டுரையின் இனிவரும் பகுதிகள் புதினத்தின் முடிவையும், பிற நூல்கள் சிலவற்றின் முடிவையும் வெளிப்படுத்துகின்றன. நூலைப் படிக்க எண்ணுவோர் படித்து முடித்த பின் தொடர்வது நன்று.

கதையின் முடிவு

கொலையாளி, கதைசொல்லியான மருத்துவர் ஷெப்பர்டே ஆவார். திருமதி ஃபெரார்ஸின் கணவருக்கு மருத்துவம் பார்த்தவர் என்ற முறையில் அவர் நஞ்சிடப்பட்டதை ஷெப்பர்ட் உய்த்துணர்ந்தார். ஊக வணிகத்தில் பணத்தை இழந்திருந்த அவர், அதைச் சொல்லி அப்பெண்ணை மிரட்டிப் பணம் பறித்தார். கடிதம் வழியாகத் தம் பெயர் வெளிப்படும் என அஞ்சி ஆக்ராய்டைக் கொன்றார்.

ஆக்ராய்ட் டிக்டாஃபோன் ஒன்றை வாங்கியிருந்ததை அறிந்த ஷெப்பர்ட், குறித்த நேரத்தில் அது தானே இயங்கும்படி அமைத்தார். இரவு 9.30 மணிக்குச் செயலாளர் ரேமண்ட் கதவுக்கு வெளியே கேட்ட ஆக்ராய்டின் குரல் அக்கருவியின் குரலே. அதற்குள் ஆக்ராய்ட் இறந்து நாற்பது நிமிடங்களுக்கு மேல் ஆகியிருந்தன. கருவி வாயிலிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாதிருக்க ஒரு நாற்காலி இழுத்துப் போடப்பட்டிருந்தது. பின்னர் அந்நாற்காலி இடம் மாறியிருந்ததைப் பார்க்கர் கவனித்ததே புவாரோவுக்குக் கிடைத்த முதன்மைத் தடயம். தொலைபேசி அழைப்பு, கப்பலில் பணிபுரியும் நோயாளி ஒருவரைக் கொண்டு தொடர்வண்டி நிலையத்திலிருந்து வேறொரு காரணம் சொல்லிச் செய்விக்கப்பட்டது. உடல் கண்டெடுக்கப்படும்போது தாமும் உடனிருந்து கருவியைப் பையில் எடுத்துச் செல்வதே அவ்வழைப்பின் நோக்கம். காலணித் தடங்களை ரால்ஃபின் காலணிகளைக் கொண்டு பதித்தவரும், அவரைப் பாதுகாப்பதாகக் கூறி மனநோயர் இல்லம் ஒன்றில் ஒளித்து வைத்து ஐயத்தை வலுப்படுத்தியவரும் ஷெப்பர்டே.

கரோலைனுக்கு அவமானம் நேராதிருக்கும் பொருட்டுத் தற்கொலை என்னும் வழியைப் புவாரோ ஷெப்பர்டுக்குச் சுட்டுகிறார். திருமதி ஃபெரார்ஸ் இறந்த அதே வெரோனாலைத் தாமும் உட்கொள்ளப்போவதாக எழுதி ஷெப்பர்ட் தம் கையெழுத்துப்படியை முடிக்கிறார். புவாரோவின் தோல்வியைப் பதிவு செய்யவே அதனை எழுதத் தொடங்கியதாகவும் அவர் ஒப்புக்கொள்கிறார்.

கதைசொல்லும் உத்தி

இப்புதினத்தின் சிறப்பு கொலையாளி யார் என்பதில் மட்டும் இல்லை. அவர் தம் கதையை எவ்வாறு சொல்கிறார் என்பதிலேயே பெரிதும் உள்ளது. ஷெப்பர்ட் தம் எழுத்தில் வெளிப்படையான பொய் எதனையும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவற்றுள் சிலவற்றை விட்டுவிடுகிறார்.

இதற்குத் தலைசிறந்த சான்று நான்காம் அத்தியாயத்தில் உள்ளது. கடிதம் 8.40 மணிக்கு வந்தது என்றும், தாம் 8.50 மணிக்குப் படிப்பறையை விட்டு வெளியேறியபோது கடிதம் படிக்கப்படாமலேயே இருந்தது என்றும் ஷெப்பர்ட் எழுதுகிறார். கதவருகே நின்று, செய்யாமல் விட்டது ஏதேனும் உண்டா எனத் திரும்பிப் பார்த்ததாகவும் குறிப்பிடுகிறார். முதன்முறை படிப்பவருக்கு இது நண்பரைத் தனியே விட்டுச் செல்லும் ஒருவரின் தயக்கமாகவே தோன்றும். முடிவை அறிந்தவருக்கோ, இடைப்பட்ட பத்து நிமிடங்களில் கொலை நடந்து முடிந்தது என்பதும், அப்பார்வை தடயங்களைச் சரிபார்க்கும் கொலையாளியின் பார்வை என்பதும் புலப்படும். கூறப்பட்ட இரு நேரங்களும் சரியானவை. கூறப்படாதது அவற்றுக்கு இடையில் இருப்பது மட்டுமே. கடைசி அத்தியாயத்தில் ஷெப்பர்ட் தாமே இவ்விடத்தைச் சுட்டிக்காட்டித் தம் சொல்லமைப்பை மெச்சிக்கொள்கிறார்.

இதேபோல் மாளிகையிலிருந்து வெளிவாயிலுக்கு ஐந்து நிமிடங்களில் நடந்துவிடலாம். ஷெப்பர்டோ பத்து நிமிடங்கள் கழித்து, ஒன்பது மணிக்கு வாயிலை அடைகிறார். இந்த எண்களும் வாசகரின் முன் வைக்கப்பட்டுள்ளன. உடல் கண்டெடுக்கப்பட்ட பின், பார்க்கரைக் காவல்துறைக்குத் தொலைபேசி செய்ய அனுப்பிவிட்டுச் செய்ய வேண்டிய சிறு வேலையைச் செய்ததாக அவர் எழுதுவதும் உண்மையே. மருத்துவர் என்பதால் வாசகர் அதனை உடற்பரிசோதனை எனக் கொள்கிறார். உண்மையில் அது டிக்டாஃபோனை அகற்றி நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளியதாகும்.

வாசகர் ஷெப்பர்டை ஐயுறாமைக்குக் காரணங்கள் சில உள்ளன. முதலாவது, துப்பறிவாளரின் நண்பர் நம்பத்தக்கவர் என்பது வாட்சன் காலம் தொட்டு நிலைபெற்ற வழக்கம். இரண்டாவது, மருத்துவர் என்னும் தொழிலுக்குரிய மதிப்பு. மூன்றாவது, அக்காளின் வம்புப் பேச்சைப் பொறுத்துக்கொள்ளும் ஷெப்பர்டின் எள்ளல் கலந்த இனிய நடை. அனைவரையும் ஐயுறும் வாசகர், கதையைத் தமக்குச் சொல்பவரை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. புதினத்துக்குள் இருக்கும் புவாரோவுக்கு அந்தத் தடை இல்லை. அவர் ஷெப்பர்டின் கையெழுத்துப்படியை வாங்கிப் படித்துவிட்டு, ஆசிரியர் தம்மை எப்போதும் பின்னணியிலேயே நிறுத்திக்கொண்டுள்ளார் எனப் பாராட்டுகிறார். அப்பாராட்டும் ஒரு தடயமே.

இக்காரணத்தால் இந்நூல் இருமுறை படிக்கப்பட வேண்டிய துப்பறியும் புதினமாகக் கருதப்படுகிறது. பொதுவாக, குற்றவாளி யாரெனத் தெரிந்தபின் இவ்வகை நூலின் சுவை குன்றும். இதில் இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு வரியும் வேறு பொருள் தருவதால் சுவை கூடுகிறது.

நேர்மை பற்றிய விவாதம்

பொற்காலத் துப்பறியும் புனைவு, ஆசிரியருக்கும் வாசகருக்கும் இடையிலான அறிவுப் போட்டியாகக் கருதப்பட்டது. துப்பறிவாளர் காணும் தடயங்கள் யாவும் வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. கதைசொல்லியே கொலையாளியாக இருப்பது அவ்விதிக்கு உட்பட்டதா என்னும் வினாவில் எழுத்தாளர்களும் திறனாய்வாளர்களும் இரு அணிகளாகப் பிரிந்தனர்.

எஸ். எஸ். வான் டைன் என்னும் புனைபெயரில் எழுதிய அமெரிக்க எழுத்தாளர் வில்லர்ட் ஹன்டிங்டன் ரைட், 1927 இல் இவ்வுத்தி முறையானதன்று எனக் கருத்துத் தெரிவித்தார். 1928 இல் அவர் வெளியிட்ட இருபது விதிகளுள் ஒன்று, குற்றவாளி துப்பறிவாளரிடம் கையாளும் தந்திரங்களைத் தவிர வேறு எந்தத் தந்திரத்தையும் ஆசிரியர் வாசகரிடம் கையாளலாகாது என்பதாகும். இங்கிலாந்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவும் எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ் 1929 இல் பத்துக் கட்டளைகளை வகுத்தார். வாசகர் யாருடைய எண்ணங்களைப் பின்தொடர்ந்து வந்தாரோ அவர் குற்றவாளியாக இருத்தல் கூடாது என முதல் கட்டளையும், துப்பறிவாளரின் நண்பர் தம் எண்ணங்களை மறைக்கலாகாது என மற்றொரு கட்டளையும் கூறுகின்றன.

எதிரணியில் முதன்மையானவர் டாரத்தி எல். சேயர்ஸ். தாமும் துப்பறியும் புதின ஆசிரியரான அவர், தேவையான செய்திகள் அனைத்தும் தரப்பட்டுள்ளன என்றும், எல்லோரையும் ஐயுறுவது வாசகரின் கடமை என்றும் வாதிட்டார். கிறிஸ்டியும் தம் நூல் நேர்மையானதே எனக் கருதினார். சிறு சிறு கால இடைவெளிகள் விடப்பட்டுள்ளனவே தவிரப் பொய் எதுவும் கூறப்படவில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. துப்பறியும் எழுத்தாளர்கள் 1930 இல் இலண்டனில் நிறுவிய டிடெக்‌ஷன் கிளப் என்னும் கழகத்தில் சேயர்ஸ், நாக்ஸ், கிறிஸ்டி ஆகிய மூவருமே தொடக்க உறுப்பினர்களாக இருந்தனர். சேயர்ஸின் மறைவுக்குப் பின் கிறிஸ்டி அக்கழகத்தின் தலைவராகவும் விளங்கினார்.

முன்னோடிப் படைப்புகள்

கதைசொல்லியே குற்றவாளி என்னும் உத்தியைக் கிறிஸ்டியே முதலில் கையாண்டார் எனக் கூற இயலாது. ரஷ்ய எழுத்தாளர் அந்தோன் செக்காவ் 1884–85 இல் தொடராக எழுதிய வேட்டை விருந்து என்னும் புதினத்திலும், நோர்வே எழுத்தாளர் ஸ்வென் எல்வெஸ்டாட் 1909 இல் வெளியிட்ட இரும்புத் தேர் என்னும் புதினத்திலும் இவ்வுத்தி காணப்படுகிறது. கிறிஸ்டி தாமே 1924 இல் வெளியிட்ட பழுப்பு உடை மனிதர் என்னும் புதினத்தில், கதையின் ஒரு பகுதியை நாட்குறிப்பு வடிவில் சொல்பவர் குற்றவாளியாக அமைகிறார். பின்னாளில் 1967 இல் வெளிவந்த முடிவிலா இரவு என்னும் புதினத்தில் அவர் மீண்டும் இவ்வுத்தியைப் பயன்படுத்தினார். துப்பறிவாளரின் உதவியாளர் என்னும் மரபான பாத்திரத்தை முழுமையாக இதற்குப் பயன்படுத்தியதே ஆக்ராய்டு புதினத்தின் புதுமை.

திறனாய்வும் மறுவாசிப்பும்

அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1945 ஜனவரியில் நியூ யார்க்கர் இதழில், ரோஜர் ஆக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன என்னும் பொருள்படும் தலைப்பில் கட்டுரை எழுதினார். இது இப்புதினத்தின் மதிப்புரை அன்று. துப்பறியும் புனைவு முழுவதையும் பயனற்ற பொழுதுபோக்கு எனச் சாடும் கட்டுரைக்கு இதன் பெயர் அடையாளமாகப் பயன்பட்டது. வெளியாகி ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இந்நூல் அவ்வகை இலக்கியத்துக்கே குறியீடாகிவிட்டதை இத்தலைப்பு காட்டுகிறது.

பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியரும் உளப்பகுப்பாய்வாளருமான பியேர் பயார் 1998 இல், ரோஜர் ஆக்ராய்டைக் கொன்றவர் யார் என்னும் நூலை வெளியிட்டார். ஷெப்பர்ட் விட்டுவிட்டு எழுதுபவர் என்றால், அவருடைய ஒப்புதலை மட்டும் முழுமையானதாக ஏன் ஏற்க வேண்டும் என அந்நூல் வினவுகிறது. புவாரோவின் விளக்கத்தில் உள்ள பொருத்தமின்மைகளைச் சுட்டி, தம்பியைக் காப்பதற்காகக் கரோலைனே கொலை செய்தார் என்றும், அக்காளைக் காப்பதற்காக ஷெப்பர்ட் பழியை ஏற்றார் என்றும் பயார் வாதிடுகிறார். இதனைக் கிறிஸ்டியின் நோக்கம் எனப் பலர் ஏற்பதில்லை. ஆயினும் நம்பகமற்ற கதைசொல்லியைக் கொண்ட நூலில் இறுதியான உண்மை என ஒன்றை நிறுவ முடியுமா என்னும் வினாவை எழுப்பியமைக்காக அது இலக்கியக் கோட்பாட்டு மாணவர்களிடையே படிக்கப்படுகிறது.

தழுவல்கள்

1928 – மைக்கேல் மார்ட்டன் எழுதிய அலிபை என்னும் நாடகம் இலண்டனில் அரங்கேறியது. புவாரோவாக நடித்தவர் சார்லஸ் லாட்டன்.
1931 – அதே பெயரில் பிரித்தானியத் திரைப்படம் வெளிவந்தது. ஆஸ்டின் டிரெவர் புவாரோவாக நடித்தார்.
1939 – ஆர்சன் வெல்ஸ் தயாரித்த அமெரிக்க வானொலி நாடகத்தில் புவாரோ, ஷெப்பர்ட் ஆகிய இரு வேடங்களையும் வெல்ஸே ஏற்றார்.
2000 – பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரில் டேவிட் சூஷே புவாரோவாக நடித்தார்.
2002 – ரஷ்யத் தொலைக்காட்சித் தொடராக வெளிவந்தது.
2018 – கோக்கி மித்தானி எழுதிய ஜப்பானியத் தொலைக்காட்சித் தழுவல் ஒளிபரப்பாயிற்று.

எழுத்தில் விடப்படும் இடைவெளியையே நம்பியிருக்கும் உத்தியைக் காட்சி ஊடகத்துக்கு மாற்றுவது கடினம். அரங்கிலும் திரையிலும் பார்வையாளர் ஷெப்பர்டை வெளியிலிருந்தே காண்பதால், அவரும் ஐயத்துக்குரியவர்களுள் ஒருவராகிவிடுகிறார்.

தாக்கம்

இந்நூல் கிறிஸ்டியை முன்னணி எழுத்தாளர்களுள் ஒருவராக்கியது. 1928 நாடகத்தில் நடுவயது கடந்த கரோலைனுக்குப் பதிலாக ஓர் இளம்பெண் பாத்திரம் சேர்க்கப்பட்டதைக் கிறிஸ்டி விரும்பவில்லை. ஊர்ச் செய்திகளைக் கொண்டே மனித இயல்பைக் கணிக்கும் கரோலைன், தம் மற்றொரு புகழ்பெற்ற துப்பறிவாளரான மிஸ் மார்பிள் உருவாகக் காரணமாக இருந்திருக்கலாம் என அவர் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். மிஸ் மார்பிள் தோன்றும் முதல் சிறுகதை 1927 இலும், முதல் புதினம் 1930 இலும் வெளிவந்தன.

ஐக்கிய அமெரிக்காவில் இந்நூலின் பதிப்புரிமை முடிவடைந்து, 2022 ஜனவரி 1 முதல் அங்கு பொதுவுடைமையாகியுள்ளது. ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும் ஐக்கிய இராச்சியத்தில் அது 2046 இறுதி வரை செல்லும்.

இவற்றையும் பார்க்க

அகதா கிறிஸ்டி
எர்க்யூல் புவாரோ
மிஸ் மார்பிள்
துப்பறியும் புனைவு
நம்பகமற்ற கதைசொல்லி
டாரத்தி எல். சேயர்ஸ்